பௌத்தத்தின் அடிப்படைகளை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

வசிட்டநதிக்கரை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் ஆத்தூர்ப் பகுதியில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். தலைவாசலை அடுத்த தியாகனூரில் உள்ள புத்தர் சிலையைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வந்திருக்கிறேன். ஆனால் அங்கே கண்மூடி அமர்ந்திருப்பவர் உண்மையில் என்ன சொன்னார் என்று அறிந்துகொள்ளும் விருப்பம், சென்ற ஆண்டு என் மாமனார் மறைந்த பிறகுதான் எனக்குள் எழுந்தது. ஐந்து மாதங்களாகக் கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். தெளிவு வருவதற்குப் பதில் குழப்பமே கூடுகிறது. ஒரு நூல் சூனியம் என்று தொடங்குகிறது. இன்னொன்று மூச்சைக் கவனித்தால் போதும் என்கிறது. மற்றொன்று போதிசத்துவர்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகிறது.

என்னைத் தடுத்து நிறுத்துபவை மூன்று ஐயங்கள். எல்லாமே துன்பம் என்பதுதான் முதல் பாடம் என்றால், இரண்டு சிறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் நான் அதை எப்படி ஏற்பது? என் தாயாரும் இதையே சொல்லி இந்த நூல்களைப் படிக்க வேண்டாம் என்கிறார். அடுத்து, ஆன்மா இல்லை என்று சொல்லிவிட்டு மறுபிறப்பு உண்டு என்றும் சொன்னால், பிறப்பது யார்? கடைசியாக, எங்கள் குலதெய்வ வழிபாட்டை விட்டுவிட்டுத்தான் இதைக் கற்க வேண்டுமா? பெரிய தத்துவ விளக்கங்களைப் பின்னர் படித்துக்கொள்கிறேன். முதல் படி எது என்பதை மட்டும் யாராவது பொறுமையாகச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஏட்டுச்சுவடி:

வணக்கம் அம்மா. முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்விக்கான முதல் விடை தமிழிலேயே, ஒரு துயருற்ற பெண்ணுக்குச் சொல்லப்பட்ட சொற்களாகவே இருக்கிறது. கோவலன் இறந்த செய்தி கேட்டு நிலைகுலைந்த மாதவி, அறவண அடிகளின் காலில் விழுந்து அழுகிறாள். அவர் அவளிடம் சூனியம் பற்றியோ அண்டங்களின் தோற்றம் பற்றியோ பேசவில்லை. மணிமேகலையின் ‘ஊரலர் உரைத்த காதை’யில் அவர் சொன்னதாக அவளே நினைவுகூர்வது இவ்வளவுதான்:

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது அறிக

இந்த நான்கு அடிகளும் நான்கு வாய்மைகளே. துன்பம், துன்பத்தின் காரணம், துன்பத்தின் முடிவு, முடிவுக்குச் செல்லும் நெறி என்பது பாலி நூல்களில் காணப்படும் வரிசை. சாத்தனார் முடிவை இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்து, துன்பத்தை அடுத்து இன்பத்தை வைக்கிறார். அழுதுகொண்டிருப்பவளுக்குச் சொல்லும்போது அந்த மாற்றம் எவ்வளவு பொருத்தமானது என்று வகுப்பில் இதை நடத்திய ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றும். இதைச் சொன்ன கையோடு அடிகள் அவளுக்கு ‘ஐவகைச் சீலத்து அமைதியும்’, அதாவது ஐந்து ஒழுக்க நெறிகளையும், காட்டுகிறார். ஆக, நான்கு வாய்மையும் ஐந்து சீலமும்தான் அங்கே முதல் பாடம். நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.

இனி உங்கள் முதல் ஐயம். ‘எல்லாம் துன்பம்’ என்னும் வாசகமே அந்தப் பாடத்தைத் தவறாகச் சுருக்குவது. புத்தர் இசிபதனத்தில், அதாவது இன்றைய சாரநாத்தில், ஐந்து துறவிகளுக்கு ஆற்றிய முதல் பேருரையில் துக்கம் என்பதை எடுத்துக்காட்டுகளால் விளக்குகிறார். பிறப்பு, மூப்பு, இறப்பு, வேண்டாதவற்றோடு சேர்ந்திருப்பது, வேண்டியவற்றைப் பிரிவது, விரும்பியது கிடைக்காமல் போவது ஆகியவற்றைச் சொல்லி, சுருக்கமாகப் பற்றுக்கு இடமான ஐந்து கந்தங்களே (உடல், நுகர்ச்சி, குறிப்பு, மனச்செயல், உணர்வு ஆகிய தொகுதிகளே) துக்கம் என்று முடிக்கிறார். நம்முடைய ‘துன்பம்’ என்னும் சொல் வலியையும் அழுகையையும் மட்டும் நினைவூட்டுகிறது. துக்கம் என்ற பாலிச் சொல்லின் பரப்பு அதைவிடப் பெரிது. உங்கள் பிள்ளைகள் சிரிக்கும்போது நீங்கள் அடையும் மகிழ்ச்சியைப் பொய் என்று புத்தர் எங்கும் சொல்லவில்லை. அந்த மகிழ்ச்சியை அப்படியே நிறுத்திவைக்க முடியாது என்பதையும், நிறுத்திவைக்க முயலும் மனம் ஓயாமல் அலைக்கழிகிறது என்பதையும்தான் அவர் காட்டுகிறார். மூப்பும் பிரிவும் இல்லாத வீடு எங்கேனும் இருந்தால் மட்டுமே இது சோர்வு தரும் போதனை ஆகும்.

தொடக்க நூல்கள் பல விட்டுவிடும் ஒரு செய்தியும் அதே உரையில் உண்டு. நான்கு வாய்மைகளுக்கும் நான்கு வெவ்வேறு பணிகள் குறிக்கப்பட்டுள்ளன. துக்கம் முழுமையாக அறியப்பட வேண்டியது; அதன் காரணமான வேட்கை கைவிடப்பட வேண்டியது; அதன் முடிவு நேரில் உணரப்பட வேண்டியது; நெறி வளர்க்கப்பட வேண்டியது. இந்த வேறுபாடு மனத்தில் பதியாவிட்டால், துக்கத்தைக் கைவிட முயல்வோம், வேட்கையை அறிந்துகொண்டதோடு நிறுத்திவிடுவோம். ‘நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி’ என்ற குறளைப் படித்தவருக்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது. வள்ளுவர் பௌத்தர் என்று இதைக்கொண்டு நான் வாதிட வரவில்லை. நோயைச் சொல்வது மருத்துவரின் வேலையில் முதல் பகுதி மட்டுமே என்பதற்காகச் சொல்கிறேன். உங்கள் தாயாரிடமும் இப்படியே சொல்லிப் பாருங்கள்.

அன்றாட வாழ்வில் இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. புத்தரின் உரைத் தொகுப்புகளில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில் அம்பைப் பற்றிய ஓர் உவமை வருகிறது. ஒருவன்மீது ஓர் அம்பு தைக்கிறது. உடனே இரண்டாவது அம்பும் தைக்கிறது. முதலாவது உடலுக்கு நேரும் வலி. அந்த வலியை எதிர்த்து மனம் புலம்பித் தவிப்பது இரண்டாவது. பயிற்சி பெற்றவருக்கும் முதல் அம்பு தைக்கத்தான் செய்யும், இரண்டாவது தைப்பதில்லை. ஆலையில் கணக்கு ஒத்துவராத ஒரு மாலையில், எது கணக்குப் பிழை, எது அதன்மேல் நீங்கள் ஏற்றிக்கொண்ட தவிப்பு என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள். ஐந்து மாதப் படிப்பு தராத தெளிவை அந்தக் கால் மணி நேரம் தரக்கூடும்.

மாத்தளை வாசகன்:

நான் இலங்கையின் மாத்தளையில் வசிக்கும் தமிழன். இங்கே அலுவிகாரை என்னும் குகைக் கோயில் உள்ளது. கி.மு. முதல் நூற்றாண்டில், வட்டகாமணி அபய மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே காக்கப்பட்டு வந்த திரிபிடகம் என்னும் பௌத்த மூல நூல் தொகுதி முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்ட இடம் இதுவென்று மரபு கூறுகிறது. பஞ்சமும் போரும் சூழ்ந்த காலத்தில், மனனம் செய்திருந்த துறவிகள் மாண்டுபோனால் நூலும் அவர்களோடு போய்விடுமே என்ற அச்சத்தில் செய்யப்பட்ட வேலை அது. அங்கே போகும்போதெல்லாம், நான் சோம்பலோடு புரட்டும் பக்கங்களுக்காக எத்தனை பேர் உழைத்தார்கள் என்று எண்ணிக்கொள்வேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்நாட்டுத் தமிழர் பலருக்குப் பௌத்தம் என்னும் சொல் அரசியலோடும் இழப்புகளோடும் பிணைந்தே மனத்தில் எழுகிறது. எனக்கும் நெடுங்காலம் அப்படித்தான் இருந்தது. ஒரு சமயத்தின் பெயரால் நடப்பதையும் அதன் மூல நூல்கள் சொல்வதையும் பிரித்துப் பார்க்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. பகையைப் பகையால் தணிக்க முடியாது, பகையின்மையாலேயே தணிக்க முடியும் என்னும் தம்மபதத்தின் ஐந்தாம் பாடலை வாசித்த நாள்தான் எனக்குத் தொடக்கம்.

சகோதரிக்குப் பயன்படக்கூடியது சீலத்தைப் பற்றிய ஒரு விளக்கம். உயிரைக் கொல்லாமை, கொடுக்கப்படாததை எடுக்காமை, தவறான பாலுறவு கொள்ளாமை, பொய் பேசாமை, மயக்கம் தரும் மதுவகைகளைத் தவிர்த்தல் ஆகிய ஐந்தையும் கட்டளைகள் என்று பலர் எழுதுகிறார்கள். ஓதப்படும் பாலி வாசகத்தில் கட்டளைத் தொனியே இல்லை. ‘வேரமணீ சிக்காபதங் சமாதியாமி’ என்றால், இதிலிருந்து விலகி நிற்கும் பயிற்சி நெறியை நான் மேற்கொள்கிறேன் என்பது பொருள். சொல்பவரே தமக்குத் தாமே ஏற்றுக்கொள்வது அது. ஒருநாள் தவறினால் மறுநாள் மீண்டும் ஏற்றுக்கொள்ளலாம். இங்கே போயா தினமாகிய பௌர்ணமியன்று வெண்ணிற ஆடையணிந்து விகாரைக்கு வரும் முதியவர்கள், அன்று ஒரு பகலுக்கும் இரவுக்கும் எட்டுச் சீலங்களை ஏற்பார்கள். வீட்டில் இருப்பவருக்கு ஐந்தே போதும். ஒரு வாரம் பொய் பேசாமை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பாருங்கள், மனம் எத்தனை முறை அதை வளைக்க முயல்கிறது என்பது தெரியவரும்.

நீலவானம்:

மேலே ஐயா சொன்னவற்றை மதிக்கிறேன். ஆயினும் தமிழகத்தில் ஒருவர் பௌத்தம் கற்கத் தொடங்கும்போது, துக்கத்தை மனத்தின் தவிப்பாக மட்டும் காட்டினால் பாதியே சொன்னதாகும். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் நடத்தத் தொடங்கினார். சாதியால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு இழந்த மாண்பை மீட்கும் வழியாகவே அவர் பௌத்தத்தைக் கண்டார். அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் தீக்கை ஏற்றார். அவர் மறைந்த பிறகு, 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் முன்னுரையில், நான்கு வாய்மைகள் புத்தரின் மூலப் போதனையைச் சேர்ந்தவைதானா என்றே அவர் கேள்வி எழுப்புகிறார். வாழ்வு துன்பம், சாவும் துன்பம் என்றால் மனிதனுக்கு நம்பிக்கை ஏது என்பது அவருடைய கவலை. அம்மா எழுப்பிய ஐயமும் ஏறக்குறைய அதுவே என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

துக்கத்தின் ஒரு பெரும்பகுதியை மனிதர் மனிதருக்கு விளைவிக்கிறார்கள். நாவிதரான உபாலிக்குச் சாக்கிய இளவரசர்களுக்கு முன்பாகத் துறவு அளிக்கப்பட்டது. அதனால் அவர்கள் அவரை மூத்தவராக வணங்க வேண்டியிருந்தது. குலச் செருக்கு குறைய வேண்டும் என்று அந்த இளவரசர்களே கேட்டுக்கொண்டதாக, துறவியர் ஒழுக்க விதிகளைக் கூறும் விநய பிடகம் சொல்கிறது. பிறப்பால் எவரும் இழிந்தவர் ஆவதில்லை, செயலாலேயே ஆகிறார் என்று சுத்த நிபாதம் என்னும் பாலித் தொகுப்பிலுள்ள வசல சுத்தம் (சுத்தம் என்றால் உரை) கூறுகிறது. தொடக்கப் பாடத்தில் இவையும் இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஏட்டுச்சுவடி:

நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், தம்பி. இரண்டாவது அம்பைப் பற்றி எழுதும்போது, முதல் அம்பை எய்தவர் யார் என்ற கேள்வியையும் நான் சேர்த்திருக்க வேண்டும். நான்கு வாய்மைகள் மூலப் போதனையே என்றுதான் நான் கருதுகிறேன். ஆனால் அம்பேத்கரின் கேள்வியைப் படிக்காமல் அவற்றைப் படிப்பவர் எளிதில் சோர்வுக்குள் விழுந்துவிடுவார் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன்.

வசிட்டநதிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மாதவியின் அந்தக் காதையை நேற்றிரவு படித்தேன். என் தாயாருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் மறுப்பு எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறப்பது யார் என்ற கேள்வி மட்டும் இன்னும் அப்படியே நிற்கிறது. மேலும், எந்த நூலை முதலில் எடுப்பது என்றும் கூறினால் உதவியாக இருக்கும்.

ஏட்டுச்சுவடி:

பண்டைய கிரேக்க மரபு மன்னர் மிலிந்தரும் இதே கேள்வியைத்தான் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவியிடம் கேட்டார். மாலையில் ஏற்றிய விளக்கு இரவு முழுதும் எரிகிறது. முதல் யாமத்தில் இருந்த சுடரும் கடைசி யாமத்தில் இருக்கும் சுடரும் ஒன்றா என்று நாகசேனர் திருப்பிக் கேட்கிறார். ஒன்று என்று சொல்ல முடியாது. வேறு என்றும் சொல்ல முடியாது. ஒன்றைச் சார்ந்து அடுத்தது எழுகிறது. பால் தயிராகி, தயிர் வெண்ணெயாகி, வெண்ணெய் நெய்யாவதையும் அவர் காட்டுகிறார். நெய்யைப் பால் என்று யாரும் அழைப்பதில்லை. பாலின்றி நெய் வந்ததுமில்லை. ‘யார் பிறக்கிறார்’ என்னும் வினா, மாறாத ஒருவர் உள்ளே இருக்கிறார் என்பதை முதலிலேயே எடுத்துக்கொண்டு விடுகிறது. ‘எதைச் சார்ந்து எது எழுகிறது’ என்று கேட்பதே பௌத்தத்தின் வழி.

அந்தத் தொடரையும் சாத்தனார் தமிழில் தந்திருக்கிறார்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பன்னிரு நிதானங்கள் என்று பிற நூல்களில் அயல்மொழிச் சொற்களால் படித்து மலைத்துப் போகிறவர்கள், ‘ஊறு (புலன் தொடர்பு), நுகர்வு, வேட்கை, பற்று’ என்ற நான்கை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளலாம். கடைத்தெருவில் ஒரு சேலையைக் கண் காண்கிறது, அந்தக் காட்சி இனிமையாக உணரப்படுகிறது, வேண்டும் என்ற வேட்கை எழுகிறது, அது இல்லாமல் வீடு திரும்ப முடியாது என்ற பற்றாக இறுகுகிறது. நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையிலுள்ள சிறு வெளியைக் கவனிப்பதே தியானப் பயிற்சியின் பெரும்பகுதி. மறுபிறப்பைப் பற்றிய முடிவை இப்போதே எடுக்க வேண்டியதில்லை. இந்த நான்கையும் இந்தப் பிறப்பிலேயே, இன்றே பார்க்க முடியும்.

கல்லூரிச்சாலை:

நூல்களைப் பற்றி நான் சொல்கிறேன். தம்மபதத்தில் தொடங்குங்கள். 26 பிரிவுகளில் 423 பாடல்கள். ஒரு நாளைக்கு ஒரு பாடல் போதும். அது ஒழுங்குபடுத்திய பாடநூல் அன்று என்பதால், கூடவே முதல் பேருரையையும் அடுத்ததாக ஆற்றப்பட்ட அனாத்ம இலக்கணம் பற்றிய உரையையும் படித்துக்கொள்ள வேண்டும். பிறகு 152 சுத்தங்கள் கொண்ட மஜ்ஜிம நிகாயத்துக்குப் போகலாம். மனத்தை நுட்பமாகப் பகுத்தாயும் அபிதம்மத்தையும், சூனியத்தை விளக்கிய நாகார்ஜுனரையும் தயவுசெய்து பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். சூனியம் என்ற சொல்லில் உங்களுக்கு ஏற்பட்ட குழப்பம், வாசலைத் தாண்டும் முன்பே உள்ளறைக்குப் போக முயன்றதால் வந்தது.

சமூக வலைத்தளங்களில் புத்தர் படத்தோடு வரும் வாசகங்களையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். காலாமர் என்னும் குடியினருக்குப் புத்தர் சொன்ன உரை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உன் அறிவுக்குப் பொருந்துவதை மட்டும் ஏற்றுக்கொள் என்று புத்தர் சொன்னதாக அதைச் சுருக்கிப் பரப்புகிறார்கள். உண்மையில், செவிவழிச் செய்தியையும் மரபையும் மட்டும் நம்பி ஏற்காதீர்கள் என்று சொன்ன அதே மூச்சில், தருக்கத்தையும் நம் கருத்தோடு ஒத்துப்போவதையும் மட்டும் நம்பி ஏற்காதீர்கள் என்றும் அவர் சொல்கிறார். ஒரு செயல் பேராசையையும் வெறுப்பையும் மயக்கத்தையும் வளர்க்கிறதா குறைக்கிறதா, அறிவுடையோர் அதைப் பழிக்கிறார்களா போற்றுகிறார்களா என்று பார்த்து நீங்களே அறியும்போது ஏற்றுக்கொள்ளுங்கள் என்பதே அங்குள்ள அளவுகோல்.

தியானத்தை வீட்டிலேயே பத்து நிமிடங்களில் தொடங்கலாம். நீண்ட மூச்சை நீண்டதென்றும் குறுகிய மூச்சைக் குறுகியதென்றும் அறிவதே மூச்சைக் கவனிக்கும் பயிற்சியான ஆனாபான சதியின் தொடக்கம். சென்னைப் புறநகரான திருமுடிவாக்கத்தில் தியான ஆசிரியர் கோயங்காவின் மரபில் பத்து நாள் விபாசனா முகாம்கள் கட்டணமின்றி நடைபெறுகின்றன. பேச்சைத் தவிர்த்து நாளுக்குச் சுமார் பத்து மணி நேரம் அமர வேண்டியிருக்கும். துயரம் ஆறாத நிலையில் அதையே முதல் படியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

மாத்தளை வாசகன்:

குலதெய்வம் பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. தீக நிகாயத்தில் சிகாலன் என்னும் இளைஞனின் கதை இருக்கிறது. இறந்துபோன தந்தையின் சொல்லைக் காப்பதற்காக, அவன் ராஜகிருகத்தில் விடியற்காலையில் ஈர உடையோடு ஆறு திசைகளையும் வணங்கிக்கொண்டிருந்தான். புத்தர் அவனுடைய வணக்கத்தை இகழவில்லை. அதற்கு வேறு பொருள் தந்தார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை பணியாளர், மேல்திசை துறவியர் என்று சொல்லி, ஒவ்வொருவருக்கும் செய்ய வேண்டிய கடமைகளை விளக்கினார். இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. சமண நெறியைச் சேர்ந்த உபாலி என்னும் இல்லறத்தார் (மேலே குறிப்பிடப்பட்ட நாவிதர் உபாலி வேறு) தம் சீடராக வந்தபோது, நன்றாக ஆராய்ந்து முடிவெடுக்கும்படி அறிவுறுத்திய புத்தர், இதுவரை உங்கள் வீட்டில் உணவு பெற்றுவந்த நிகண்டத் துறவிகளுக்கு (அதாவது சமணத் துறவிகளுக்கு) இனியும் உணவளிக்க வேண்டும் என்றும் கூறினார்.

எனவே கற்பதற்காக எதையும் விட்டுவிட்டு வர வேண்டியதில்லை, சகோதரி. வழிபாட்டில் உயிர்ப்பலி இருந்தால் மட்டும், முதல் சீலத்தை ஏற்ற பிறகு அது உங்கள் மனத்தை உறுத்தத் தொடங்கும். அப்போது உங்கள் தாயாரோடும் கணவரோடும் கலந்து பேசி முடிவு செய்யுங்கள்.

வசிட்டநதிக்கரை:

எங்கள் கோயிலில் ஆண்டுக்கு ஒருமுறை கிடா வெட்டுவது உண்டு. அதைப் பற்றித்தான் கேட்கத் தயங்கினேன், கேட்காமலேயே சொல்லிவிட்டீர்கள். திருவிழாவுக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. இந்த வாரம் பொய் பேசாமையை எடுத்துக்கொள்கிறேன். தம்மபதத்தின் முதல் பாடலையும் இன்று காலை ஏட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.